என் வாடகையை ஏற்றப் பார்த்த பள்ளிக்கூடம்

1991-இல் நான் படப்பை அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் எங்கள் பிள்ளைகள் எல்லாருமே கணக்கில் தேறிவிட்டார்கள். செய்தி தாம்பரம் வரைக்கும் போயிற்று. மனைத் தரகர்கள் மனை வாங்க வருகிறவர்களைக் கூட்டி வந்து, என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று, "இதான் சார் அந்த ஸ்கூலு" என்று காட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் தம் மனைவியோடு வந்தார்.

"டீச்சர், ஸ்கூலு நல்ல பேர் எடுத்துடுச்சு. இந்தத் தெருவுல வூடு கேட்டு அலையுறாங்க. நீங்களும் வாடகைய ஏத்திக் குடுக்கணும்."

"அந்தப் பேரை வாங்கிக் குடுத்ததுல எனக்கும் பங்கு இருக்குங்க. கட்டுப்படியாகலைன்னா மாத்தல் வாங்கிக்கிட்டு எங்க ஊருக்கே போயிடுவேன்," என்றேன்.

அவர் மனைவி பதறிப்போய் அவர் பக்கம் திரும்பினார். "நம்ம பொண்ணு இப்ப பத்தாவது. டீச்சர் போயிட்டா நீயா கணக்கு சொல்லித் தருவ?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாடகைப் பேச்சை அத்தோடு விட்டார். அவர் மகள் தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து படித்தாள். பரீட்சையில் அவள் தேறியதும் அவர் தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.