மகனுக்கு வாரிசு

என் கணவர் இறந்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்கு முதல் ஷிப்ட் போனவர், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அங்கேயே முடிந்துபோனார். காரியம் முடிந்து பந்தல் பிரித்தபோதும் யார் வீட்டுக்கோ வந்தவள் போலத்தான் நின்றுகொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

நமக்கு அழுகை வரட்டும் என்று எந்த ஆபீசும் காத்திருப்பதில்லை. மணவாள நகரில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு இன்னும் பூச்சு வேலைகூட ஆகவில்லை. மனை அவர் பெயரில், பத்திரம் வங்கியில். அதை வெளியே எடுக்கவும் பட்டாவை மாற்றவும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அது இல்லாவிட்டால் நானும் மகளும் குடியிருக்கிற வீடு எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு காகிதமும் கிடையாது.

புருஷன் சொத்து பொண்டாட்டி பிள்ளைக்கு, இதில் என்ன கேள்வி என்று நினைத்துத்தான் இ-சேவை மையத்துக்குப் போனேன். கணினி முன் இருந்த பெண் என் பெயரையும் மகள் பெயரையும் தட்டிவிட்டு, அவருடைய அம்மா இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன். அப்படியானால் அவரும் வாரிசு, அவர் ஆதாரையும் எடுத்து வாருங்கள் என்றாள். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைக்கும் எவ்வளவோ, தாய்க்கும் அவ்வளவு உண்டாம். இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய எனக்கு இது தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் மட்டும் உயில் எழுதியிருப்பாரா? ரேஷன் கடைக்கே நாளைக்குப் போகலாம் என்கிற மனிதர்.

மாமியார் ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இளைய மகனோடு இருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னேன். தர மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான். கடம்பத்தூரிலிருந்து வந்த என் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. சின்னவன் ஓதிக்கொடுக்கிறான், கிழவி பங்குக்கு டப்பு கேட்கப்போகிறது, பணம் இல்லாமல் கையெழுத்து வராது என்றான். அவனே ஒரு பத்திர எழுத்தரைப் பிடித்து, மாமியார் தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்துக்கு வரைவும் எழுதி வாங்கி வந்துவிட்டான். வாரிசு மனு முடிந்த கையோடு இதையும் முடித்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். அவன் சொன்னதை நம்பினேன். கோபம்கூட வரவில்லை, ஆனாலும் நம்பினேன்.

நேரில் போனேன். மாமியார் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து உரித்தபடியே, பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி, மகள், தாய், மூன்று பேருக்கும் சம பங்கு என்றேன். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"நான் அவனுக்கு வாரிசா? அவந்தாம்மா எனக்கு வாரிசு. எனக்குக் கொள்ளி வெக்க வேண்டியவன். அவன் சொத்த நான் துன்றதா? என் பேர எடுத்துடு."

டப்பும் இல்லை, யாரும் ஓதிக்கொடுக்கவும் இல்லை. மகனுக்குப் பின்னால் தன் பெயர் வருவதை அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். இரக்கம் என்று ஏதாவது என்னிடம் மிச்சமிருந்திருந்தால் அப்போது வாயை மூடிக்கொண்டிருப்பேன். நான் மரத்துப்போய்க் கிடந்தேன். மையத்துப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"எடுக்க முடியாது அத்தை. நீங்க செத்திருந்தாத்தான் உங்க பேர் இல்லாம எழுதுவாங்களாம்."

அவர் கை நிற்கவில்லை. இன்னும் நாலு கடலையை உரித்தார்.

"அதத்தான் நானும் தெனம் சாமியாண்ட கேட்டுக்கினு கீறேன்," என்றார். பிறகு எழுந்து உள்ளே போய் ஆதார் அட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்த அன்று, மாமியார் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அலுவலர் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விசாரித்தார், எங்களிடமும் விசாரித்தார். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று மாமியாரிடம் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். மாமியார் பூசாத சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றவர் என்று நான்தான் சொன்னேன். மாமியார் பெருவிரலை மையில் ஒற்றி, காட்டிய இடத்தில் வைத்தார்.

எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். இன்னொரு தாளும் இருக்கிறதாமே, உன் அண்ணன் போனில் சொன்னாரே, மை காய்வதற்குள் அதிலும் வைத்துவிடுகிறேன், கொடு என்றார். அதற்குப் பதிவு அலுவலகம் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

விடுதலைப் பத்திர வரைவு அரிசி டப்பாவின் மேல்தான் இருந்தது. எடுக்கக் கை போகவில்லை. என்னைப் பெரிய மனசுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வீட்டிலிருந்து மாமியார் பெயரும் போய்விட்டால், எனக்கு என்ன போயிற்று என்று தெரிந்த ஒரே ஆளும் ஊத்துக்கோட்டை பஸ் ஏறிவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது.

"வேணாம் அத்தை. உங்க பங்கு உங்க பேர்லயே இருக்கட்டும்."

அவர் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"பங்குன்னு ஒண்ணு இருந்தா, அப்பப்ப வந்து பாத்துக்கணுமே?"

"அதுக்குத்தான்," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாவது வாரிசு பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை, மற்ற இரண்டு வாரிசுகளும் அந்தப் பூசாத சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதோம்.