பென்சில் வட்டங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய சான்றிதழ்களைத் தேடியபோது, எட்டாம் வகுப்பில் நான் எழுதிய திறனறித் தேர்வின் வினாத்தாள் கையில் கிடைத்தது. விடைகளின்மேல் பென்சில் வட்டங்கள். அவை என்னுடையவை அல்ல. ஆம்பூர் அரசுப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழியுடையவை. நான் தேர்வெழுதிய மறுநாள், மதியச் சோற்றைக்கூட முடிக்காமல், எண் வரிசைகளையும் கண்ணாடிப் பிம்பப் படங்களையும் விளையாட்டுப்போல வட்டமிட்டுத் தள்ளினாள். இத்தனை வருஷம் கழித்து, விடைக்குறிப்பைத் தேடியெடுத்துச் சரிபார்த்தேன். என்னைவிடப் பதினொரு மார்க் அதிகம். அந்தத் தேர்வின் உதவித்தொகையில் படித்து இன்று வேலூரில் கல்லூரிக்குப் போவது நான். அவள் பத்தாவதோடு ஷூ கம்பெனித் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள்.

ஏழாவதில் ஓரளவு மார்க் வாங்கிய யாரும் அந்தத் தேர்வை எழுதலாம். எங்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. தலைமையாசிரியை முதல் ஐந்து ராங்க்காரர்களை மட்டும் எழுப்பிப் படிவம் கொடுத்தார். "நானும் எழுதறேன் மிஸ்" என்று எழுந்தவளை, "நீ ஃபெயிலாயி என் ஸ்கூல் பர்சன்டேஜைக் கெடுக்கவா? உக்காருடி" என்று அமர்த்தினார். வகுப்பே சிரித்தது. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். 

அவளுடைய அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் ரகம் பிரிக்கும் செலக்‌ஷன் வேலை. ஒவ்வொரு தோலையும் விரித்து, இருபுறமும் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகே இது இன்ன ரகம் என்பார். அன்று சாயங்காலம் நடந்ததைக் கேட்டவர், "தோல் கட்டே பிரிக்காம ரிஜெக்ட்டாம்மா? நான் அப்டிப் பண்ணா அன்னிக்கே என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார். ஓர் ஆட்டுத்தோலுக்குக் கிடைக்கிற அந்த ஒரு நிமிஷம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

போன ஞாயிறு மார்க்கைச் சரிபார்த்த கையோடு, வினாத்தாளை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்கு ஓடினேன். "இன்னாடி, இப்ப வந்து மார்க் போடறியா? பிரைஸ் எங்க?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அவளுடைய தங்கை இப்போது அதே பள்ளியில் எட்டாவது. படிவம் கேட்டதற்கு, "லிஸ்ட் முடிஞ்சிடுச்சி, அஞ்சு பேர்தான்" என்று பதில் வந்திருக்கிறது. தலைமையாசிரியை நாற்காலியில் ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு யோசனை வந்தது.

படிவம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். படிவத்தை இணையத்திலிருந்து இறக்கி, தங்கையின் வகுப்பு முழுவதற்கும் நகல் எடுத்துவிட்டேன். இனி வேண்டியது தலைமையாசிரியையின் கையெழுத்து மட்டும். நாளைக் காலை அவர் மேஜைமேல் இந்த வினாத்தாளை விரித்து, பென்சில் வட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டப்போகிறேன். படிவ அடுக்கில் முதலாவதாக இருப்பது தங்கையுடையது. தோழி கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லியிருக்கிறாள்.

"கையெழுத்துப் போடலன்னா?" என்று கேட்டேன்.

"முழு நாள் லீவு போடறேன்" என்றாள்.