எருமைக்குக் குளிருமா?

என் புத்தக அலுமாரியின் மேல், சன்னலோரமாக, ஒரு களிமண் எருமை நிற்கிறது. சூளை காணாதது, வெயிலில் காய்ந்ததோடு சரி. ஒரு கொம்பின் நுனி இல்லை. கண்டியில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியதும் அதைப் பார்ப்பார்கள். "இது எந்தச் சாமியோட, சேர்?" என்று கேட்பார்கள். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி காரணமில்லாமல் எருமை வைத்திருக்கமாட்டார் என்று அவர்களுக்கு நம்பிக்கை.

அக்குறணையில் தமிழ் படிப்பித்த டீச்சர் ஒருவரின் வகுப்புப் பிள்ளைகள் செய்தது அது. சிறுவர்களுக்கான பழைய மாயக்கதை ஒன்றை டீச்சர் தமிழாக்கியிருந்தார். ஆறு நின்றுபோன ஒரு நாடு. ஊற்றுக்கண்ணைப் பாறை அடைத்திருக்கிறது. கண் தெரியாத ஒரு வெள்ளை எருமை, முதுகில் சுமந்துவந்த பிள்ளைகளைக் கரையில் இறக்கிவிட்டு, தனியே மூழ்கிப் பாறையைப் புரட்டுகிறது. ஆறு ஓடுகிறது, எருமை மேலே வரவில்லை. மறுநாள் காலை அக்கரையில் ஈரக் குளம்படிகள் தெரிகின்றன. கதை அவ்வளவுதான். அதைப் பாடசாலைத் துணைவாசிப்பு நூலில் சேர்க்கவேண்டும் என்பது டீச்சரின் ஒரே ஆசை. அவர் முதலில் படிப்பித்தது மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில். கதைப் புத்தகம் வாங்க வழியில்லாத அந்தப் பிள்ளைகளின் கைக்கு அரசாங்க நூல் மட்டுமே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும்.

எந்தக் கதையானாலும் சமயத்துக்கு ஒருவர் இருக்கும் குழுவின் முன் வரவேண்டும். நான் அதன் செயலாளர். தன் சமயம் புண்படுகிறதா என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும், அதுதான் விதி. அன்று டீச்சரும் வந்திருந்தார். யாருடைய சமயமும் புண்படவில்லை. "நமக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா செத்தது திரும்பி வருதே, வேதக்காரங்க கோவிச்சுக்குவாங்க" என்றார் இந்து உறுப்பினர். கிறிஸ்தவருக்குச் சந்தோஷம்தானாம், ஆனால் எருமை எமனின் வாகனம், இந்துப் பிள்ளைகள் பயப்படுமாம். "எங்கட ஆக்களுக்குப் பிரச்சின இல்ல" என்று தொடங்கிய மௌலவி, போதிசத்துவர் எருமையாகப் பிறந்த கதையைப் பௌத்தர்களுக்காக நினைவூட்டினார். பௌத்தரான தலைவர், ஒரு விலங்கு உயிர் கொடுப்பதை முஸ்லிம்கள் குர்பான் பலியோடு சேர்த்துப் பார்க்கக்கூடும் என்று சிங்களத்தில் கவலைப்பட்டார். அந்தந்தச் சமயத்தவர் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தார். அவரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு சமயத்தவரும் ஒரே விலங்கிடம் புனிதமான ஏதோ ஒன்றை அடையாளம் கண்டார்கள். ஒரு கதைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. எங்கள் நடைமுறையில் அதற்குப் பெயர் ஆட்சேபணை.

"அப்ப இந்த எருமை யாரைத்தான் குறிக்குது, டீச்சர்?" என்று கேட்டார் இந்து உறுப்பினர். டீச்சர் கைப்பையிலிருந்து களிமண் எருமையை எடுத்து மேசையில் வைத்தார்.

"எருமையத்தான், சேர். பிள்ளையள் யாரெண்டு கேக்கல்ல. தண்ணிக்குள்ள அதுக்குக் குளிருமாண்டுதான் கேட்டாங்க."

"எருமைக்கு எங்க டீச்சர் குளிருற?" என்றார் மௌலவி. எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை சமயங்களும் அன்று ஒன்றுபட்டது அந்த ஒரு தடவைதான்.

குழுவின் திருத்தத்தில் எருமை படகானது. படகுக்குக் கால் இல்லை என்பதால் குளம்படிகளும் போயின. கடைசியில் 'நீரைச் சேமிப்போம்' என்று ஒரு வரி சேர்ந்தது. டீச்சர் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, எருமையை மேசையிலேயே விட்டுப் போய்விட்டார். கூட்டத்தில் தவறவிட்ட பொருளை உரியவரிடம் சேர்ப்பது செயலாளரின் கடமை. அக்குறணைக்கு எடுத்துப் போனேன்.

டீச்சர் பிளேன்டீ தந்தார், எருமையை வாங்கவில்லை. "நீங்களே வெச்சிக்கோங்க சேர். உங்கட படகுக்குத் துணையா ஈக்கட்டும்."

டீச்சர் இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார். நூல் இன்னும் தோட்டப் பாடசாலைகளுக்குப் போகிறது. 'படகு எதனால் செய்யப்பட்டது?' என்று பாடத்தின் கீழே ஒரு கேள்வி இருக்கிறது. மரத்தால் என்று பிள்ளைகள் சரியாகவே எழுதுகிறார்கள்.

நேற்றும் ஒருவர் வந்து, எந்தச் சாமி என்று கேட்டார். குழுவின் முடிவு இன்னும் வரவில்லை என்றேன். அவர் போனபின் மழை பிடித்தது. சன்னல் வழியே சாரல். வேகாத மண், நனைந்தால் கரைந்துவிடும். அவசரமாக எழுந்துபோய் எருமையைக் கையில் எடுத்தேன்.

சில்லிட்டிருந்தது.