விண்கலத்தின் சூடு எங்கே போகும்?

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் ஒரு நீல நிற ஈய அங்கி தொங்கும். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், எந்த நோயும் இல்லாத நான் அதை மாட்டிக்கொண்டு வியர்த்து வழிய நின்றேன். நான் அங்கே பதிவுக் கந்தோரில் நோயாளர் கோப்புகளை எழுதி வைக்கும் எழுதுவினைஞன். என்னை அப்படி நிற்க வைத்தவர் எக்ஸ்ரே மிஸ். என்னைவிடப் பத்து வயது இளையவர். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, அங்கேயே பௌதிகம் படித்து, பிறகு பெற்றோரோடு சொந்த ஊரான இலுப்பைக்கடவைக்குத் திரும்பியவர்.

குற்றம் என்னுடையதுதான். ஏழு வருடமாக எழுதிய விண்வெளி நாவலை, அச்சுக்குக் கொடுக்க இரண்டு கிழமை இருக்கும்போது, பாராட்டுக் கேட்கும் ஆசையில் அவரிடம் கொடுத்திருந்தேன். எங்கள் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் வெளியீடு என்று ஞாயிறு பூசையில் பங்குக் குருவான சுவாமி அறிவித்தும் விட்டார். கதையில் எதிரிகள் லேசரால் சுடுகிறார்கள். கப்டன் சக்திக் கேடயத்தைப் போடுகிறார். ஒரு தூசியும் ஒரு கதிரும் அதைத் தாண்டாது. கலத்தில் இருப்பவர்கள் மாதா சுரூபத்துக்கு முன் மெழுகுதிரி கொளுத்தி, நாற்பது நாள் செபமாலை சொல்லித் தப்புகிறார்கள். மீன்பிடிக்கப் போன வள்ளம் கரைக்குத் திரும்பாவிட்டால் எங்கள் வீடுகளில் என்ன நடக்குமோ, அதை அப்படியே ஆகாயத்தில் ஏற்றியிருந்தேன். அந்த அத்தியாயத்தை எழுதும்போது நானே அழுதேன்.

“ஈர்ப்பு இல்லாத இடத்தில மெழுகுதிரி நிமிர்ந்து எரியிறதை விடுவம் அண்ணை. அதின்ர சூடு எங்க போகும்?” என்று மிஸ் கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அங்கியைப் போடச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து, “வேர்க்குதோ?” என்றார்.

“ஊத்துது, மிஸ்.”

“எக்ஸ்ரேயை மறிக்கச் செய்த சாமான், உங்கட சூட்டையும் உள்ளுக்க பிடிச்சு வைச்சிருக்குது. விண்வெளியில காத்து இல்லை. சூடு வெளிய போறதெண்டால் ஒளி மாதிரித்தான் போகவேணும். லேசரும் ஒளிதான். எல்லா ஒளியையும் மறிச்சீங்களெண்டால், உங்கட ஆக்கள் நாற்பது நாளில்லை, ரெண்டு நாளிலயே அவிஞ்சு போவினம்.”

எனக்குக் கோபம் வந்தது. “கதைதானே, மிஸ்!” என்று அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க நோயாளர் கோப்பு ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. இரண்டு கிழமையில் புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும், அதன் உயிரே அந்த அத்தியாயம். அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியோடு நானே போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

அந்தக் கிழமை முழுக்கப் பழைய எக்ஸ்ரே படக் கவர்களின் பின்புறத்தில் படம் கீறிக் கீறி விளக்கினார். காந்தப்புலம் மின்னேற்றம் உள்ள துகள்களை வளைத்துவிடும், பூமி சூரியனிலிருந்து வருபவற்றைத் திருப்புவதைப் போல. ஆனால் ஒளி அதற்கு மசியாது. ஒளியைத் திருப்ப, மின்னேறிய சூடான வாயுவை, பிளாஸ்மாவை, அதே காந்தத்தால் கலத்தைச் சுற்றி அடர்த்தியாகப் பிடித்து வைக்கவேண்டும். அப்போது ரேடியோவும் உள்ளே வராது, நட்சத்திரமும் தெரியாது. கலம் குருடாகவும் செவிடாகவும் போய்விடும். என் அசட்டுக் கேள்வி ஒன்றுக்கும் அவர் சிரிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மறுநாள் பதிலோடு வந்தார். படித்தவர்கள் பலரோடு வேலை செய்திருக்கிறேன், இந்தக் குணத்தை வேறு யாரிடமும் நான் காணவில்லை.

“சுவர் மாதிரி நினைக்காதேங்கோ. இடைக்கிடை திறந்துதான் ஆகவேணும்” என்றார் கடைசியில்.

அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன். உள்ளே சூடு ஏறுகிறது, வெளியே எதிரி காத்திருக்கிறான். மூன்று மூச்சு நேரத்துக்குக் கப்டன் கேடயத்தைத் திறக்கிறார்.

வெளியீட்டில் எல்லோரும் அந்த இடத்தைத்தான் புகழ்ந்தார்கள். “இந்த யோசினை எப்பிடி வந்தது?” என்று சுவாமி ஒலிவாங்கியை நீட்டினார். ஐந்தாவது வரிசையில் மிஸ் இருந்தார். “செபத்தில வந்தது, சுவாமி” என்று என் வாய் சொன்னது. மண்டபம் கைதட்டியது. மிஸ்ஸும் தட்டினார். மறுநாள் கந்தோருக்கு வந்தவர், “மண்டபத்தில ஃபான் வேலை செய்யேல்லை, என்ன? உங்களுக்கு நல்லா வேர்த்தது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்சக் காலத்தில் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். மூன்று வருடம் அந்தப் பொய் என் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. எத்தனையோ தரம் தொலைபேசியை எடுத்தும் வைத்தும் இருக்கிறேன்.

போன மாதம் இரண்டாம் பதிப்பு வந்தது. மிஸ்ஸைக் கெஞ்சிக் கூப்பிட்டேன், வந்தார். அதே மண்டபத்தில், அதே சனத்துக்கு முன்னால், அந்த யோசனை செபத்தில் வரவில்லை, மிஸ் சொல்லித்தான் வந்தது, அன்றைக்கு நான் பொய் சொன்னேன் என்றேன். யாரும் கைதட்டவில்லை. மிஸ் எழுந்து வந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

“ஓம், திறக்காட்டி எல்லாரும் செத்துப்போவினம் எண்டு சொன்னது நான்தான். ஆனா சுடுறவன் பாத்துக்கொண்டு நிக்கேக்க கப்டன் திறப்பார் எண்டு நான் நினைக்கேல்லை. அது அண்ணையின்ரதான்.”

நான் மேடையிலேயே அழுதேன்.