ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக் கார் வாங்கியவர்

தெள்ளாருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். எங்கள் குடும்பத்தின் முதல் பி.ஏ. நான்தான். 1982இல் வேலூரில் ஒரு கார் ஷோரூமில் கிளார்க்காகச் சேர்ந்த மாதம் ஆதிலட்சுமி அம்மா அங்கே வந்தார்.

ஆரணிக்காரர். கணவர் ஓட்டிய பெட்ரோல் டாக்ஸியை, அவர் காலமான பிறகு, எல்லப்பன் என்ற டிரைவரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டு வியாபாரிகளின் சவாரிதான் பிழைப்பு. வாடகையைப் பெட்ரோலே குடித்துவிட, டீசல் காருக்கு முன்பணம் கட்டிப் பதிய வந்திருந்தார்.

கண்ணாடிக்குள் பளபளத்த காரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய், ரிப்பேருக்குக் காத்திருந்த டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்தார்.

“என்னம்மா, கார் பாக்க வந்துட்டு இங்க உக்காந்துகினு இருக்கீங்க?” என்றேன்.

“ஓடுற வரைக்கும் எல்லாம் நல்ல கார்தான் தம்பி. நின்னுபோச்சினா யாரு மொகத்துல முழிக்கணும்னு பாக்க வந்தேன்.”

சென்னையில் ஒருவர் உடனே டீசல் கார் தருவதாகச் சொன்னாராம். எங்களிடம் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

“அதுக்குள்ள நம்ம கிழட்டு வண்டிக்குக் காரியமே பண்ணிடலாம்க்கா” என்றார் எல்லப்பன். ஆனாலும் அம்மா எங்களிடமே பதிந்தார். அடுத்த வருடம் கார் கிடைத்தது.

84 ஆவணியில் ஒருநாள் காலை, அந்தக் காரை ரைஸ் மில் லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இன்ஜினுக்கு டீசலைத் தள்ளும் பம்ப் போயிருந்தது. மறுநாள் படவேட்டில் கல்யாணம். மாப்பிள்ளையை அழைத்துப்போக அம்மா ஒப்புக்கொண்டிருந்தார். பட்டு வியாபாரி வீட்டுக் கல்யாணம். வண்டி போகாவிட்டால் அப்புறம் ஆரணியில் யாரும் அவரைச் சவாரிக்குக் கூப்பிடப்போவதில்லை.

“பம்ப் ஸ்டாக் இல்லீங்க. மெட்ராஸ்லேர்ந்து வரணும், நாலு நாள் ஆவும்” என்றார் மேனேஜர் லோகநாதன்.

அம்மா ஷோரூமில் நின்ற புது டீசல் காரைக் காட்டினார். “அதோ நிக்குதே, அதுல இல்லீங்களா?”

“அது விக்கிறதுக்கு வச்ச வண்டிம்மா!”

“என்னுதும் நீங்க வித்த வண்டிதானேங்க?”

லோகநாதன் மெக்கானிக் பச்சையப்பனைக் கூப்பிட்டார். “அதுலேர்ந்து கழட்டி இதுல மாட்டுய்யா. ஜல்தி!”

சாயங்காலம் வண்டி ஆரணிக்குக் கிளம்பியது. மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முன்பே படவேடு போய்ச் சேர்ந்தார்.

ஷோரூம் கார் பம்ப் இல்லாமல் நின்றது. ஓட்டிப் பார்த்துப் பதிய வந்த ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அன்று எங்களுக்கு வந்தது நஷ்டமா, லாபமா என்று லோகநாதன் என்னைப் பலமுறை கேட்டிருக்கிறார். கைக்கு வந்த வியாபாரம் போனது நிஜம் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது ஆதிலட்சுமி அம்மா ஆரணி பஸ் ஸ்டாண்டு அருகே மூன்று டீசல் கார்களை வாடகைக்கு விடுகிறார். மூன்றும் எங்களிடம் வாங்கியவை.