சால்வை கழுத்தில் இருக்கும்வரை

வோபர்ன் பஸ் தரிப்பிடத்தில் காற்று காதை அறுக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்திருக்கும் நான், அக்காவின் மகள் தாரணியைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போகிறேன். இரண்டாம் வகுப்பு. பாடங்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பாதிப் பாதி. ரீச்சர் கழுத்தில் சிவப்புச் சால்வை ஏறிவிட்டால் ஸ்பானிஷ் மட்டும்தான். சொல் தெரியாதவர் கையால் காட்ட வேண்டும்.

"மண்டே எனக்கு ஒண்டும் வரேல்ல சித்தி, அழுதிட்டன். இண்டைக்கு பீன்ஸ் எப்பிடி முளைக்குதெண்டு ஃபுல்லா ஸ்பானிஷிலை சொன்னன்."

"ஏலாட்டி இங்கிலிசிலை கேட்டிருக்கலாமே, பிள்ளை?"

"நோ. மிஸ் ஸ்கார்ஃப் போட்டிருந்தவ."

சொன்னவள் தன் நீலச் சால்வையை அவிழ்த்து, என்னைக் குனியவைத்து, கழுத்தில் சுற்றுகிறாள்.

"இப்ப தமிழ் மட்டும்."

"குளிரும். ஜக்கெற் சிப்பை இழு."

விரலை ஆட்டுகிறாள். ஜக்கெற், சிப் இரண்டுக்கும் தமிழ் தேடுகிறேன், வாயில் வரவில்லை. தொப்புளிலிருந்து தாடைவரை கையை இழுத்துக் காட்டுகிறேன். ரீச்சரைப்போலத் தலையசைத்துவிட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டுகிறாள்.

பஸ் வந்து நிற்கிறது. கதவைத் திறந்த வெள்ளைக்காரச் சாரதி, "ஹலோ" என்கிறார். தாரணி என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"வணக்கம்," என்கிறேன் அவரிடம்.