இன்னுங்கொஞ்சம் என்கிற சமையல்காரர்

தொழிற்சாலை கேண்டீனில் அவருக்குப் பெயர் ‘இன்னுங்கொஞ்சம்’. போதும் போதும் என்று தட்டைக் கையால் மறைத்தால் கைமேலேயே விழும் கரண்டி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொன்னவன் சமைக்கத் தெரியாதவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் மகள் பட்டினி கிடந்தாள். குண்டாகிவிடுவோம் என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. கெஞ்சினார், கொஞ்சினார், கத்தியும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு காலை கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த டாக்டர், “பொட்டாசியம் ரொம்ப இறங்கிடுச்சு, இதயத் துடிப்பு தாளம் தப்புது” என்றார். உடம்புதான் இளைக்கிறது என்று நினைத்திருந்தார் மனிதர். இதயமும் சேர்ந்து இளைக்கும் என்று யார் கண்டது?

மறுநாள் மகள், “சாப்பிடப் பாக்கறேம்பா” என்றதுதான் தாமதம், நாலடுக்கு கேரியரோடு ஓடி வந்தார். வார்டு வாசலிலேயே நர்ஸ் மறித்துவிட்டார்.

“ஐயா, இது உள்ள போகக் கூடாது.”

“நானே சமைச்சதும்மா! சுத்தமானது!”

“சுத்தம்தான். ஆனா பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்னு நிறையக் குடுத்தா, ரத்தத்துல இருக்கற உப்புச்சத்தெல்லாம் சரசரன்னு இறங்கிடும். இதயமே நின்னு போகலாம். நாங்க குடுக்கற அளவுதான். மெதுவா ஏத்துவோம்.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் சாப்பாடே என் பிள்ளைக்கு எமனா! கேரியரை நர்ஸ்களுக்கே பரிமாறினார். அங்கேயும் இன்னுங்கொஞ்சம்தான். பிறகு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, பால் பொங்குகிறதா என்று பார்ப்பவர்போல, இதயத் துடிப்பு ஓடும் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து, சாயங்காலக் கஞ்சி வந்தது. மகளுக்கு அளந்து வைத்த சின்னக் கிண்ணம், துணைக்கு இருக்கும் அவருக்குப் பெரிய கிண்ணம். பயந்து பயந்து விழுங்கியவள், கடைசி வாய் உள்ளே போனதும் நிமிர்ந்தாள்.

“அப்பா, இன்னும் கொஞ்சம் இருக்கா?”

இந்த வார்த்தைக்கு எத்தனை மாதம் தவம் கிடந்தார்! கையில் கிண்ணம் நிறையக் கஞ்சி. பக்கத்தில் நர்ஸும் இல்லை. கை பாதி நீண்டுவிட்டது. மானிட்டரைப் பார்த்தார். சட்டென்று கிண்ணத்தை வாயில் வைத்து, மடமடவென்று தானே குடித்துத் தீர்த்தார்.

“ஐயையோ, எனக்குத் தராம குடிக்கறீங்களே!” என்று மகள் சிரித்தாள்.

“இல்லடா கண்ணு, இன்னிக்கு அவ்வளவுதான்.” வாழ்நாளில் முதன்முதலாக ஒருவருக்கு இல்லை என்று சொன்னார். கண்ணீர் மீசையில் இறங்கியது. “நாளைக்கும் இப்படியே கேக்கணும், சரியா?”